லிஸ்ட்வியூ கட்டத்துக்குள்ளேயே திருத்த வைப்பது எப்படி?

அம்பத்தூரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு சி++இல் பில் போடும் மென்பொருள் எழுதுகிறார். சரக்கு வரிசைகளை விண்டோஸின் லிஸ்ட்வியூவில் (கட்டங்களாகப் பட்டியல் காட்டும் திரை உறுப்பு, அதாவது கன்ட்ரோல்) காட்டுகிறார். அளவு, விலை, தள்ளுபடி மூன்றையும் அந்தந்தக் கட்டத்திலேயே திருத்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், கட்டத்தின் மேல் ஒரு எடிட் பெட்டியை வைத்திருக்கிறார். பட்டியலை மேலே தள்ளினால் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே மிதக்கிறது. என்டர் தட்டினால் பில் போடும் டயலாக் விண்டோவே மூடிக்கொள்கிறது. வேறு இடத்தில் கிளிக் செய்தால் மதிப்பு சில நேரம் பதிவாகிறது, சில நேரம் காணாமல் போகிறது. எங்கே தப்பு என்பது கேள்வி.

மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். பெட்டியை எப்படித் திறப்பது என்று யோசித்திருக்கிறீர்கள். எப்படி எப்படியெல்லாம் அது மூடப்படும் என்று யோசிக்கவில்லை. கிரிட்டில், அதாவது இந்த மாதிரி கட்டங்கள் கொண்ட அட்டவணையில், இருக்கும் வேலையில் பெரும்பங்கு மூடுவதில்தான் இருக்கிறது. ஆகவே திறப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

லிஸ்ட்வியூவில் லேபிளைத் திருத்த அனுமதிக்கும் ஸ்டைல் ஒன்று உண்டு. அதை நம்ப வேண்டாம், அது முதல் நெடுவரிசைக்கு மட்டுமே வேலை செய்யும். மற்றவற்றுக்கு நம் பெட்டிதான். கிளிக் எந்தச் செல்லில் (கட்டத்தில்) விழுந்தது என்பதை லிஸ்ட்வியூவுக்கு சப்ஐட்டம் ஹிட்டெஸ்ட் என்ற மெசேஜை (விண்டோஸில் நிரலும் கன்ட்ரோலும் பேசிக்கொள்ளும் செய்தி) அனுப்பித் தெரிந்துகொள்ளுங்கள். செல்லின் இடத்தைக் கேட்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது: முதல் நெடுவரிசைக்கு முழு எல்லையைக் கேட்டால் லிஸ்ட்வியூ அந்த வரிசை முழுவதையும் கொடுத்துவிடும். அந்த ஒன்றுக்கு மட்டும் லேபிள் பகுதியின் எல்லையைக் கேளுங்கள். செல் பாதி மறைந்திருந்தால் முதலில் பட்டியலை நகர்த்தி முழுதாகத் தெரியவைத்து, அதன் பிறகு இடத்தைக் கேளுங்கள். இந்த இரண்டையும் முன்பின்னாகச் செய்தால் பெட்டி தப்பான இடத்தில் திறக்கும்.

எடிட் பெட்டிக்குப் பெற்றோர் (அதைத் தாங்கும் விண்டோ) லிஸ்ட்வியூவாக இருக்கட்டும், டயலாக் அல்ல. அப்போதுதான் பெட்டி பட்டியலின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டாது. ஆனால் பெட்டியின் அறிவிப்புகள் இனி டயலாக்குக்கு வராமல் லிஸ்ட்வியூவுக்குப் போகும். லிஸ்ட்வியூவை சப்கிளாஸ் செய்து, அதாவது அதற்கு வரும் மெசேஜ்கள் முதலில் நம் ஃபங்ஷனுக்கு வரும்படி செய்து, அங்கே பிடிக்க வேண்டும். லிஸ்ட்வியூவின் எழுத்துருவையே பெட்டிக்கும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் விண்டோஸின் பழைய சிஸ்டம் எழுத்துருவில் பெட்டி திறக்கும். இடது ஓர இடைவெளியையும் சில பிக்சல் சரிசெய்து, செல்லில் இருந்த எழுத்து பெட்டி திறந்ததும் நகராமல் அதே இடத்தில் நிற்கும்படி வையுங்கள். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எழுத்து ஒவ்வொரு முறை துள்ளுவதும் கண்வலி.

கிரிட் முழுவதுக்கும் ஒரே ஒரு பெட்டி போதும். செல்லுக்கு ஒன்று என்று உருவாக்கி வைத்திருக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் வரிசை, பத்து நெடுவரிசை என்றால் பத்தாயிரம் விண்டோ. ஒரு நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுக்கும் யூசர் ஹேண்டில் (விண்டோ போன்றவற்றுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்) வரம்பே 10,000தான்.

சரி, இனி மூடுவது.

ஒரு திருத்தம் எத்தனை வழியில் முடியலாம் என்று எண்ணிப் பாருங்கள். என்டர், டேப், எஸ்கேப் மூன்றும் எல்லோருக்கும் தோன்றும். பக்கத்துச் செல்லில் கிளிக், வேறு கன்ட்ரோலில் கிளிக், மவுஸ் சக்கரம், ஸ்க்ரோல்பார், நெடுவரிசையின் அகலத்தை இழுப்பது, தலைப்பில் கிளிக் செய்து வரிசைப்படுத்துவது, விண்டோவின் அளவை மாற்றுவது, டூல்பாரில் சேமி பொத்தான், கன்ட்ரோல்-எஸ், வரிசையை நீக்குவது, இன்னொரு கவுண்டரில் இருந்து சரக்கிருப்பு புதுப்பிக்கப்படுவது, விண்டோவையே மூடுவது, மெஷினை அணைப்பது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பத்து வரி எழுதினால் எங்கோ ஓர் இடத்தில் மதிப்பு தொலையத்தான் செய்யும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

என் வழி இது: திருத்தத்தை முடிக்கும் ஃபங்ஷன் நிரலில் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு கேள்வி, வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா. அது திருப்பித் தருவது ஒரு பதில், முடிந்ததா, முடியவில்லையா. மேலே சொன்ன எல்லா வழியும் அந்த ஒரே கதவு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எஸ்கேப் மட்டும் விட்டுவிடு என்று சொல்லும், மற்ற எல்லாம் வைத்துக்கொள் என்று சொல்லும். ஸ்க்ரோல், சக்கரம், அகலம் இழுப்பது, வரிசைப்படுத்துவது ஆகியவை தங்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இந்த ஃபங்ஷனைக் கூப்பிடட்டும். உங்கள் மிதக்கும் பெட்டி அங்கேயே சரியாகிவிடும். பெட்டியையும் கூடவே நகர்த்தலாமே என்று தோன்றலாம். நகர்த்தலாம், ஆனால் பாதி மறைந்த பெட்டி, முழுதும் மறைந்த பெட்டி என்று புதுக் கணக்குகள் வரும். பில் போடும் நிரலுக்கு முடித்துவிடுவதே நல்லது.

அந்த ஃபங்ஷனுக்குள் முதல் வேலை 'முடித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு கொடியை ஏற்றுவது. ஃபோகஸ் (தட்டும் விசைகள் போய்ச் சேரும் இடம்) இருக்கும் பெட்டியை அழித்தால் அந்த நொடியே அதற்கு ஃபோகஸ் போனதாக மெசேஜ் வரும். நீங்கள் அந்த மெசேஜிலும் இதே ஃபங்ஷனைக் கூப்பிடுவீர்கள். கொடி இல்லாவிட்டால் ஒரே மதிப்பு இரண்டு முறை பதிவாகும், அல்லது அழிந்துபோன ஹேண்டிலைத் தொட்டு நிரல் விழும். கொடி ஏறியபின் பெட்டியில் உள்ள எழுத்தை வாங்குங்கள், சரிபாருங்கள், டேட்டாவில் எழுதுங்கள், கடைசியில் பெட்டியை மறையுங்கள். மறைக்கும் முன் ஃபோகஸ் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் லிஸ்ட்வியூவுக்குக் கொடுங்கள். ஏற்கெனவே வாடிக்கையாளர் பெயர்ப் பெட்டிக்கு கிளிக் செய்து போய்விட்டவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரக்கூடாது.

ஃபோகஸ் போவதிலும் இரண்டு வகை உண்டு. நம் நிரலுக்குள்ளேயே வேறிடம் போவது ஒன்று, வேறு நிரலுக்குப் போவது இன்னொன்று. விலையை அடித்துக்கொண்டிருக்கும்போதே கால்குலேட்டரைத் திறப்பார்கள், வாட்ஸ்அப்பில் வந்த ரேட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். அப்போது பாதி அடித்த எண்ணைப் பதிவுசெய்வது சரியல்ல. பெட்டி அப்படியே திறந்திருக்கட்டும். பெட்டியையும் சப்கிளாஸ் செய்து, ஃபோகஸ் போவதைச் சொல்லும் கில்ஃபோகஸ் மெசேஜை நேரடியாகப் பிடித்தால், ஃபோகஸ் யாருக்குப் போகிறது என்ற ஹேண்டில் அதிலேயே வரும். வேறு நிரலுக்குப் போனால் அது வெறுமையாக இருக்கும். எடிட் பெட்டி பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பில் இந்தத் தகவல் கிடையாது. ஆகவே அறிவிப்பை விட்டுவிட்டு மெசேஜைப் பிடியுங்கள்.

கில்ஃபோகஸ் நேரத்தில் மெசேஜ் பாக்ஸ் காட்டவே கூடாது. "விலை தவறு" என்று பெட்டி ஒன்றைத் திறந்தால் அதுவும் ஃபோகஸை வாங்கும். மறுபடி கில்ஃபோகஸ், மறுபடி மெசேஜ் பாக்ஸ். மைக்ரோசாஃப்டின் ஆவணமே அந்த மெசேஜைக் கையாளும்போது வேறு விண்டோவைக் காட்டாதே என்று எச்சரிக்கிறது. தவறான மதிப்பு வந்தால் செல்லைச் சிவப்பாக்கி, கீழே ஸ்டேட்டஸ் வரியில் காரணத்தை எழுதி, ஆளை நகர விடுங்கள். தவறான செல் இருக்கும்வரை பில்லைச் சேமிக்க விடாமல் இருந்தால் போதும். எண்ணாகவே படிக்க முடியாததைச் செல் அளவில் பாருங்கள். தள்ளுபடி விலையை மிஞ்சுகிறதா என்பது போன்றவற்றை வரிசையை விட்டுப் போகும்போது பாருங்கள். முதலில் தள்ளுபடியைப் போட்டுவிட்டு அப்புறம் விலைக்கு வருகிறவரை நடுவில் மறித்து நிறுத்துவதில் நியாயம் இல்லை.

டூல்பார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். விபி6 (விஷுவல் பேசிக் 6) காலத்தில் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடைக்கு பில் நிரல் எழுதினேன். விபி6இல் இருந்த ஃப்ளெக்ஸ்கிரிட்டில் திருத்தும் வசதியே கிடையாது. செல்லின் இடமும் அளவும் சொல்லும், அதை வைத்து நாம்தான் டெக்ஸ்ட் பாக்ஸை மேலே மிதக்கவிட வேண்டும். உங்களுடைய அதே முறை. டெக்ஸ்ட் பாக்ஸின் ஃபோகஸ் போனால் பதிவாகும்படி எழுதியிருந்தேன். எல்லாம் சரியாகவே ஓடியது. டிசம்பரில் டைரி, காலண்டர் வேலை குவியும் நேரம். ஒரு பெரிய பில்லில் விலையை மாற்றிவிட்டு, என்டர் தட்டாமல், நேராக டூல்பாரில் சேமி பொத்தானை அழுத்தியிருக்கிறார் பில் போடும் அக்கா. டூல்பார் பொத்தான் ஃபோகஸை வாங்குவதில்லை. ஃபோகஸ் போகவில்லை, ஆகவே பதிவும் ஆகவில்லை; திரையில் புது விலை, அச்சான பில்லில் பழைய விலை. மூன்று நாள் கழித்துக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. "நான் மாத்தினேன், என் கண்ணால பார்த்தேன்" என்று அவர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒருவருடைய நாணயத்தையே சந்தேகிக்க வைத்த பிழை என்பதால் இன்றுவரை அது என் மனதில் இருக்கிறது.

ஆகவே சேமி, அச்சிடு, மூடு என்று டேட்டாவைத் தொடும் எந்தக் கட்டளையின் முதல் வரியும் அந்த ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுவதாக இருக்கட்டும். முடியவில்லை என்று பதில் வந்தால் கட்டளை அங்கேயே நிற்க வேண்டும்.

அடுத்து என்டர். டயலாக்குக்குள் இருக்கும் எந்தக் கன்ட்ரோலுக்கும் என்டர், எஸ்கேப், டேப் மூன்றும் நேராக வந்து சேராது. டயலாக் நடுவில் வாங்கி ஓகே, கேன்சல், அடுத்த கன்ட்ரோல் என்று மாற்றிவிடும். உங்கள் டயலாக் மூடுவது அதனால்தான். ஒவ்வொரு கன்ட்ரோலிடமும் உனக்கு எந்த விசைகள் வேண்டும் என்று டயலாக் ஒரு மெசேஜில் கேட்கும், கெட்-டிஎல்ஜி-கோட் (WM_GETDLGCODE) என்று பெயர். பெட்டியின் சப்கிளாஸில் அதைப் பிடித்து எல்லா விசையும் எனக்கே என்று பதில் சொல்லுங்கள். மூன்று விசையும் கைக்கு வந்துவிடும்.

வந்தபின் என்ன செய்வது என்பதைக் கடையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். எக்செல்லில் என்டர் கீழே போகும். பில் போடுகிறவரின் வலது கை நம்பர் பேடை விட்டு எழுவதே இல்லை. கண் திரையில் இல்லை, துண்டுச்சீட்டில் இருக்கிறது. அவருக்கு என்டர் வலப்பக்கம் போக வேண்டும்: சரக்கு எண், என்டர், அளவு, என்டர், விலை, என்டர், அடுத்த வரிசையின் சரக்கு எண். திருத்த முடியாத நெடுவரிசைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும். எஃப்2 தட்டினால் திருத்தம் தொடங்குவது லோட்டஸ் 1-2-3 நாளில் இருந்து வரும் பழக்கம், அதை மாற்ற வேண்டாம். எக்செல்லின் இன்னொரு நுட்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நேராக எண்ணை அடித்துத் தொடங்கினால் அம்புக்குறி விசைகள் பதிவுசெய்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போகும். எஃப்2 தட்டித் தொடங்கினால் அதே விசைகள் எழுத்துகளுக்கு நடுவே கர்சரை நகர்த்தும். புதிதாக எழுத வந்தவர், இருப்பதில் ஓர் எழுத்தைத் திருத்த வந்தவர் இருவருக்கும் தேவை வேறு. இதை ஒரே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை.

சரக்கின் பெயரைத் தமிழில் அடிப்பார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அடிப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளை கேட்பார்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த கிரிட்கள் விழுவது இங்கேதான். செல்லில் நின்றபடி நேராக அடிக்கத் தொடங்கினால் முதல் விசை லிஸ்ட்வியூவுக்குப் போகிறது, அதைக் கேட்டுப் பெட்டி திறக்கிறது, இரண்டாவது விசை பெட்டிக்குப் போகிறது. ஆங்கிலத்தில் முதல் எழுத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் முடிந்தது. தமிழில் இரண்டாவது விசை முதல் எழுத்தைத் திருத்த வருகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'கி' என்பது க, இ என்று இரண்டு தட்டு. நடுவில் ஃபோகஸ் மாறினால் உள்ளீட்டு மென்பொருள் முந்தைய எழுத்தை மறந்துவிடும். 'கிண்ணம்' என்று அடித்தவருக்கு 'கஇண்ணம்' கிடைக்கும். பேக்ஸ்பேஸ் அனுப்பி முந்தைய எழுத்தை அழித்துவிட்டுப் புதியதைப் போடும் உள்ளீட்டு மென்பொருள்களும் உண்டு. பெட்டி திறந்ததும் எல்லாவற்றையும் தேர்வுசெய்து வைக்கும் வழக்கம் நமக்கு இருந்தால் அங்கே வேறு விதமாகக் குழம்பும்.

மெசேஜ் லூப்பிலேயே விசையைப் பிடித்து, எழுத்தாக மாறுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, மெசேஜைப் பெட்டிக்குத் திருப்பிவிடும் வித்தை ஒன்று இருக்கிறது. சாதாரண விசைப்பலகைக்கு அது போதும், உள்ளீட்டு மென்பொருள் நடுவில் இருந்தால் போதாது. தமிழ் வரும் நெடுவரிசைகளில் நான் செய்வது எளிது: செல்லுக்கு வந்த உடனே, விசை தட்டும் முன்பே, பெட்டியைத் திறந்துவைத்துவிடுவது. முதல் எழுத்து என்ற சிக்கலே பிறக்காது.

தமிழுக்கு இன்னும் சில. வரிசையின் உயரத்தைத் தமிழ் எழுத்துகளை வைத்து அளந்து வையுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த உயரத்தில் 'ஸ்ரீ'யின் அடியும் 'கீ'யின் மேல்சுழியும் வெட்டுப்படும். பெட்டியின் எழுத்து வரம்பு யூனிகோட் குறிகளை எண்ணுகிறது, நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. 'சென்னை' நமக்கு மூன்று எழுத்து, பெட்டிக்கு ஆறு, யுடிஎஃப்-8இல் சேமித்தால் 18 பைட். இருபது என்று வரம்பு வைத்தால் நீளமான சரக்குப் பெயர்கள் பாதியில் நிற்கும். அதேபோல் 'கொ'வின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. பதிவுசெய்யும்போதே ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேடும்போது 'கொத்தமல்லி' கிடைக்காது.

எண்களில் கவனிக்க வேண்டியது காட்டும் வடிவமும் திருத்தும் வடிவமும் வேறு என்பது. செல்லில் 1,25,000.00 என்று அழகாகக் காட்டுங்கள், பெட்டி திறந்ததும் 125000 என்று கொடுங்கள். யாராவது கமாவோடு ஒட்டினால் கமாவை நீக்கிவிட்டுப் படியுங்கள். நம் ஊர்க் கமா கடைசி மூன்று இலக்கத்துக்குப் பிறகு இரண்டு இலக்கத்துக்கு ஒரு முறை விழும் என்பதைப் பல நூலகங்கள் எதிர்பார்ப்பதில்லை. பணத்தை டபுள் என்ற தசம எண் வகையில் வைக்காமல் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். எண் போலத் தெரியும் எல்லாம் எண் அல்ல: தேயிலையின் எச்எஸ்என் (பில்லில் போடும் சரக்கு வகைக் குறியீடு) 0902. அதை எண்ணாகப் படித்தால் 902 ஆகிவிடும், பில்லில் தவறான குறியீடு அச்சாகும்.

திருத்தம் எந்த வரிசையில் தொடங்கியது என்பதை வரிசை எண்ணாக நினைவில் வைக்காதீர்கள். இடையில் வரிசைப்படுத்தினாலோ, மேலே ஒரு வரிசை நீங்கினாலோ ஐந்தாவது வரிசை வேறு சரக்காகிவிடும்; விலை பக்கத்துச் சரக்கில் போய் உட்காரும். அந்தச் சரக்கின் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு, பதிவுசெய்யும்போது தேடிப் பிடியுங்கள். மதிப்பு லிஸ்ட்வியூவில் அல்லாமல் உங்கள் சொந்தப் பட்டியலில் இருந்தால் இது சுலபம். முடிந்தால் விர்ச்சுவல் லிஸ்ட்வியூவுக்கே (மதிப்புகளைத் தான் வைத்துக்கொள்ளாமல், தேவைப்படும்போது நிரலிடம் கேட்டு வாங்கும் வகை) மாறிவிடுங்கள்.

பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுடன் உங்கள் நிரலைப் பயன்படுத்தக்கூடும். வெறும் எடிட் பெட்டியை அது பெயரில்லாத பெட்டி என்றுதான் வாசிக்கும். திறக்கும்போது நெடுவரிசையின் தலைப்பை அதன் அணுகல் பெயராகக் கொடுத்துவிடுங்கள்.

சி++ கட்டாயம் இல்லையென்றால் இவ்வளவையும் நீங்களே எழுத வேண்டியதில்லை. டாட்நெட்டின் டேட்டாகிரிட்வியூ, க்யூட்டியின் டெலிகேட், ஜாவாவின் ஜேடேபிள் ஆகியவை பெட்டியைத் திறப்பது, இடம் பார்ப்பது, விசைகள் ஆகியவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஆனால் டூல்பார் சிக்கல் டேட்டாகிரிட்வியூவிலும் உண்டு, சேமிக்கும் முன் எண்ட்எடிட் கூப்பிடத்தான் வேண்டும். அதன் செக்பாக்ஸ் செல், டிக் அடித்தாலும் செல்லை விட்டு வெளியேறும்வரை பதிவாகாது. ஒரே வகைச் செல்களுக்கு அது ஒரே பெட்டியையே திரும்பத் திரும்பக் கொடுப்பதால், பெட்டி காட்டப்படும்போது ஈவென்ட் ஹேண்ட்லர் சேர்ப்பவர்கள் முந்தையதை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விசைக்கு ஐந்து முறை ஓடும். ஜேடேபிளில் ஃபோகஸ் போனால் திருத்தம் முடியவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும், தானாக நடக்காது.

எழுதி முடித்ததும் இப்படிச் சோதியுங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, நம்பர் பேடை மட்டும் வைத்து இருபது வரிசை பில் ஒன்று போடுங்கள். அப்புறம் மவுஸை மாட்டி, விலையைப் பாதி அடித்த நிலையில் மேலே சொன்ன ஒவ்வொரு வழியிலும் வெளியேறிப் பாருங்கள்: சக்கரம், தலைப்பு, டூல்பார், ஆல்ட்-டேப், மூடும் பொத்தான். ஒவ்வொரு முறையும் டேட்டாவில் என்ன இருக்கிறது என்று திரையில் அல்ல, டேட்டாபேஸில் பாருங்கள். அதற்குப் பிறகு கடையில் பில் போடுகிறவரிடம் கொடுத்து, பக்கத்தில் அரை நாள் பேசாமல் உட்காருங்கள். அவர் எந்த விசையைத் தட்டிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.